மெஷினோடு வந்த சீடி

பரணிதரன் வாயைத் திறந்தால் வருகிற பேச்சு ஒன்று உண்டு: "நான் இருக்கேன் இல்ல?" தறி நின்றுபோனாலும் அதுதான், மோட்டார் புகைந்தாலும் அதுதான். பெண் பார்க்க வந்தவர்கள் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால், தன் பைக்கை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு அப்போதும் அதையேதான் சொல்வார். திருத்தணியில் குடியிருப்பு, அம்மையார்குப்பத்தில் பிழைப்பு, நடுவில் ஆர்.கே.பேட்டையில் ஒரு டீ என்று இருபது வருடமாக அந்தச் சாலையைத் தேய்த்துக்கொண்டிருக்கிற மனுஷன். வயது நாற்பத்தாறு. பவர்லூம் தறிக்கும், அதன் தலைமேல் உட்கார்ந்து சேலையில் பூவும் கொடியும் போடுகிற ஜக்கார்டு மெஷினுக்கும் மெக்கானிக். வரத் தாமதமானால், "நான்-இருக்கேன் இன்னும் வரல போல" என்று நெசவுக்காரர்கள் கேலி பேசுவார்கள். வந்து சேர்ந்ததும் அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு வேலையில் இறங்குவார்.

அப்பேர்ப்பட்டவர் இந்த வருடம் இரண்டு மாதம் அந்தப் பேச்சையே விட்டிருந்தார். அதற்குப் பாதிக் காரணம் ஒரு இடி. மீதிக் காரணம் அவருடைய சொந்த வாய்.

கதை ஒன்பது வருடம் முன்னால் ஆரம்பிக்கிறது. கோயம்புத்தூரில் ஒரு சின்னக் கம்பெனி ஜக்கார்டுக்குக் கம்ப்யூட்டர் பெட்டி செய்து விற்றது. அதுவரை டிசைன் மாற்ற வேண்டுமென்றால் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக வரைந்து, அதைப் பார்த்து நூற்றுக்கணக்கான அட்டைகளில் ஓட்டை போட்டு, கோத்து, மெஷினில் ஏற்றி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பெட்டி வந்தால் பென் டிரைவைச் செருகினால் போதும். எந்தக் கொக்கி நீளவாட்டுப் பாவு நூலைத் தூக்க வேண்டும், எது சும்மா இருக்க வேண்டும் என்று அதுவே பார்த்துக்கொள்ளும். பரணிதரன் கோயம்புத்தூருக்கே போய் மூன்று நாள் தங்கி வேலையைக் கற்றுக்கொண்டு வந்து, அம்மையார்குப்பத்தில் பன்னிரண்டு வீடுகளைப் பேசிப் பேசியே சம்மதிக்க வைத்தார். முதல் வீடு அவருடைய அக்கா பத்மாவின் வீடு.

அக்கா புருஷன் தீனதயாளன் எதற்கும் நின்று யோசிக்கிற ஆள். "அட்டை மெஷினு நல்லாத்தானே ஓடிகினு இருக்குது மச்சான்? இந்தப் பெட்டி ரிப்பேரானா நான் யாரைத் தேடறது?" என்றார்.

"இன்னா பாவா இப்படிக் கேட்டுட்ட? நான் இருக்கேன் இல்ல?"

அந்த ஒரு வார்த்தைக்காக அட்டை மெஷின் நாலும் கழற்றப்பட்டுப் பழைய இரும்புக்குப் போயின.

பெட்டி மாட்டிய அன்று, அது வந்த அட்டைப்பெட்டிக்குள் ஒயர்களும் ஒரு சின்னப் புத்தகமும் இருந்தன. எல்லாவற்றுக்கும் அடியில் வெள்ளை உறையில் ஒரு சீடி. அக்கா அதை எடுத்துப் பார்த்து, "இது இன்னாடா தம்பி?" என்று கேட்டாள். பரணிதரன் ஏணிமேல் நின்றுகொண்டிருந்தார். குனிந்துகூடப் பார்க்கவில்லை. "அது ஒண்ணும் இல்லக்கா. கம்பெனிக்காரன் சும்மா போட்டு அனுப்பறான். தூக்கிப் போடு." பன்னிரண்டு வீட்டிலும் இதே கேள்வி, இதே பதில். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல இந்த மெக்கானிக்குகளுக்கு என்னதான் வந்துவிடுகிறதோ, ஆண்டவனுக்கே வெளிச்சம்.

எட்டரை வருடம் ஒரு குறையும் இல்லை. அந்த நாலு தறியில்தான் அக்கா மகள் பிரியங்கா நர்சிங் படித்து முடித்தாள். பரணிதரன் எப்போது போனாலும் அக்கா முதலில் சாப்பாடு போட்டுவிட்டுத்தான் தறியைப் பற்றியே பேசுவாள்.

இந்த வைகாசிக் கடைசியில் ஒரு சாயங்காலம் அடித்த மழையில் அக்கா வீட்டுத் தெருவுக்குப் பின்னால் இருந்த தென்னை மரத்தில் இடி விழுந்தது. தெருவில் ஏழெட்டு வீட்டில் டிவி போச்சு. தீனதயாளன் வீட்டில் நாலு பெட்டியும் ஒரே நொடியில் கருகின.

பரணிதரன் கலங்கவில்லை. சென்னைக்குப் போய்ப் பெட்டிக்குள் இருக்கிற போர்டுக்குப் பதில் போர்டு வாங்கி வந்தார். பழைய மாடல் வருவதில்லை, அதே வகையில் புதுசுதான் கிடைத்தது. நல்லவேளையாகப் பெட்டியை ஓட்டுகிற சிஸ்டம் இருந்த சின்ன மெமரி கார்டு கருகவில்லை. அதைப் புதுப் போர்டில் செருகி ஆன் செய்தார். திரையில் எழுத்து வந்தது, டிசைன் வந்தது. தீனதயாளன் கைகூடத் தட்டினார். தறியை ஓட்டினால் ஒரு கொக்கி அசைய வேண்டுமே! அத்தனையும் தூங்குமூஞ்சி மாதிரி தொங்கின. செருகிப் பார்த்தார், பிடுங்கிப் பார்த்தார், கோயம்புத்தூருக்குப் போன் போட்டார். எடுத்தவர் வேறு யாரோ. கம்பெனியை மூடி ஐந்து வருடம் ஆகிறதாம்.

மூன்றாவது வாரம் தீனதயாளன் அடுத்த தெருவில் இன்னொருவர் தறிக்குக் கூலிக்குப் போனார். சொந்தத் தறி நாலு வைத்திருந்தவர். அன்றைக்குத்தான் அக்கா வாயைத் திறந்தாள்.

"நீ இருக்கேன்னு சொன்ன. நம்பினோம். இருந்து இன்னாடா பண்ற?"

அவ்வளவுதான். அதற்கப்புறம் அவரோடு பேச்சை நிறுத்திவிட்டாள். வந்தால் தண்ணீர்ச் சொம்பைத் தறிக்கட்டை மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். ஆர்.கே.பேட்டை இரும்புக்கடை சக்திவேலுக்குச் சொல்லியாகிவிட்டது. ஆடிக் கிருத்திகைக் கூட்டம் அடங்கிய மறுநாள் டெம்போவோடு வந்து நாலு தறியையும் எடை போட்டு எடுத்துக்கொண்டு போகப்போகிறான். தீனதயாளன் இதைச் சொல்லும்போது பரணிதரன் முகத்தைப் பார்க்கவில்லை. தறி போனால் தறியோடு அக்காவும் போய்விடுவாள் என்று பரணிதரனுக்குத் தெரிந்துபோயிற்று. வீட்டுக்குப் போகிற வழியில் பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதார். அதைச் சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

சென்னைக்கு இன்னொரு தரம் போர்டு தேடிப் போன காலை ரயிலில்தான் கல்பனாவைப் பார்த்தார். அவர் தெரு முனியனின் மகள். முனியனும் பெண்டாட்டியும் அடுத்தவர் நிலத்தில் களையெடுத்துப் படிக்கவைத்த பிள்ளை. இப்போது அம்பத்தூரில் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை, தினமும் திருத்தணியிலிருந்து ரயில். மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு செத்த முகத்தோடு உட்கார்ந்திருந்தவரை அவளே அடையாளம் கண்டுகொண்டாள்.

"இன்னா பரணிண்ணா, யாருக்கு இன்னா ஆச்சு? இப்படி இருக்கீங்க?"

எல்லாவற்றையும் கொட்டினார். அவள் லேப்டாப்பைத் திறந்து, ஒயரைச் செருகி, அரக்கோணம் வருவதற்குள் பெட்டிக்குள் தலையை விட்டுவிட்டாள்.

"அண்ணா, சிஸ்டமும் நல்லாருக்குது, போர்டும் நல்லாருக்குது. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு அடையாளம் கண்டுக்கல. இது லினக்ஸ்னு ஊருக்கே பொதுவான சிஸ்டம். கொக்கி தூக்கற கார்டுக்குன்னு கம்பெனிக்காரங்க அதுல தனியா சேத்து எழுதியிருக்காங்க. அந்த எடத்துல பழைய போர்டோட நம்பர் இருக்கும். மாத்தினா ஓடிடும்."

"மாத்திடும்மா, உனக்குப் புண்ணியமாப் போவும்."

"மாத்தறதுக்கு சோர்ஸ் கோடு வேணுமேண்ணா. மெஷின்ல ஏத்தி வெச்சது ஓடற சரக்கு மட்டும்தான். மனுஷன் உக்காந்து எழுதினது இதுல இல்ல. அது தனியா வேணும்."

பரணிதரன் தன் தொழில் கணக்கில் சொல்லிப் பார்த்தார். "நெய்ஞ்ச சேலை என் கையில இருக்குது. அதுக்கு வரைஞ்ச கிராஃப் தாளைக் கேக்கற. பூவை ஒரு கட்டம் தள்ளிப் போடணும்னா சேலையை வெச்சிகினு ஒண்ணும் பண்ண முடியாது. தாள் வேணும்."

"ஆங்! அதேதாண்ணா. லினக்ஸ் பொதுவா நெட்லயே கெடைக்கும். உங்க பெட்டிக்குன்னு சேத்து எழுதினது கம்பெனிகிட்டதான் இருக்கும்."

"அது எப்படிம்மா குடுப்பாங்க? தொழில் ரகசியம் இல்லியா?"

"குடுத்தாகணும்ணா. லினக்ஸை எழுதினவங்க அப்படி ஒரு கண்டிஷன் போட்டு வெச்சிருக்காங்க. நீ இதை எடுத்துக்க, மாத்திக்க, வித்துக்க. ஆனா வாங்கினவங்க கேட்டா எழுதினதைக் குடுத்துடணும். பெட்டியோட வந்த புத்தகத்துல கடைசிப் பக்கத்தைப் பாருங்க."

ஒன்பது வருடமாக யாரும் புரட்டாத கடைசிப் பக்கம். அதில் பொடி எழுத்தில் அப்படியே இருந்தது: கேட்பவர் எவருக்கும் மூன்று வருடம் வரை இந்த சிஸ்டத்தின் சோர்ஸ் கோடு அனுப்பித் தரப்படும். மூன்று வருடம் போய் ஆறு வருடமும் ஆகிவிட்டது. அதில் இருந்த ஈமெயிலுக்குக் கல்பனா எழுதினாள், போன வேகத்தில் திரும்பி வந்தது. மிச்சம் இருந்தது தபால் முகவரிதான்.

பரணிதரன் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினார். பள்ளிக்கூடம் விட்டபிறகு எழுதிய முதல் கடிதம். அக்கா, பாவா, நாலு தறி, இடி, எல்லாம் அதில் இருந்தது. அவர் மனைவி பானுப்ரியா உறையை வாங்கி நாலு மூலையிலும் மஞ்சள் தடவினாள். "ஏம்மே, இன்னா கல்யாணப் பத்திரிகையா இது?" என்று கத்தினார். "நல்லது நடக்கணும்னுதானே போவுது? தடவினா இன்னா கொறஞ்சிப்புடும்?" என்றாள் அவள். வாதாட அவருக்குத் தெம்பு இல்லை. அப்படியே தபாலில் போட்டார்.

அந்த மஞ்சள்தான் காரியத்தை நடத்தியது என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஒன்பதாம் நாள் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. ஒரு பெண் குரல்.

"ஏனுங்க, கல்யாணம் யாருக்குங்க?"

பேசியது கௌரியம்மாள். அந்தக் கம்பெனி இருந்த கட்டிடத்தில் இப்போது அவர் பேக்கரி வைத்திருக்கிறார். கம்பெனி பேருக்கு வருகிற தபாலையெல்லாம் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவாராம். "இது மஞ்சத் தடவி வந்துருந்துச்சுங்க. யார் ஊட்டு நல்ல காரியமோ, அதையப் போயி எப்பிடிங்க திருப்பி அனுப்பறது? பிரிச்சுப் பாத்தா தறி நின்னுபோச்சுன்னு அழுது எழுதியிருக்கறீங்க. மனசு கேக்கலைங்க." அந்தக் கம்பெனியில் வேலை பார்த்த எழிலன் என்கிற பையன் இப்போதும் தேங்காய் பன் வாங்க வருவான் என்றும், நம்பரை வாங்கி வைப்பதாகவும் சொன்னார். வாங்கியும் வைத்தார். முன்னே பின்னே பார்த்திராத மனுஷி. பரணிதரன் போனைக் கையில் வைத்துக்கொண்டு கோயம்புத்தூர் எந்தத் திசை என்று தெரியாமலே ஒரு பக்கம் பார்த்துக் கும்பிட்டார்.

எழிலன் எடுத்த எடுப்பில் கையை விரித்துவிட்டான். கம்பெனி கம்ப்யூட்டர் எல்லாம் ஏலத்தில் போய்விட்டது, தன்னிடம் ஒரு வரிகூட இல்லை என்றான்.

"ஆனா ஒண்ணுங்க. உங்ககிட்டயே இருக்கோணுமே? பெட்டியோட வெள்ளை உறையில ஒரு சீடி வந்துச்சுங்களா?"

"சீடிங்களா?"

"அதுலதானுங்க முழு சோர்ஸும் இருக்குது. நான் எழுதினதும் அதுலதான். ஓனரு, எவனும் கேக்க மாட்டான், சீடி எதுக்கு தண்டமுன்னாரு. நான்தான் சண்டை போட்டு, என் கையால ஒவ்வொரு பார்சல்லயும் போட்டனுங்க. இத்தனை வருசத்துல அதைய ஒருத்தர்கூடக் கேக்கலைங்க. கேட்ட மொத ஆளு நீங்கதானுங்க." அந்தப் பையன் அதோடு நிறுத்தவில்லை. "கேட்டதுக்கு ரொம்ப நன்றிங்க."

ஏணிமேல் நின்றுகொண்டு தான் சொன்னது பரணிதரனுக்குக் காதில் கேட்டது. தூக்கிப் போடு, தூக்கிப் போடு. பன்னிரண்டு தரம்.

மறுநாள் விடிந்ததும் அம்மையார்குப்பத்தில் வீடு வீடாக ஏறினார். வேதாசலம் வீட்டுச் சீடி கொல்லையில் கொய்யா மரத்தில் கிளி விரட்டத் தொங்கிக்கொண்டிருந்தது. எட்டு வருட வெயிலில் கண்ணாடி மாதிரி ஆகி, இந்தப் பக்கம் பார்த்தால் அந்தப் பக்கம் தெரிந்தது. அடுத்த வீட்டில் மொபெட்டுக்குப் பின்னால் ரிஃப்ளெக்டராக ஆணியடித்திருந்தார்கள். ஒரு வீட்டில் பாதியாக வெட்டி ஆடுகிற தறிக்காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள். இன்னொரு வீட்டுப் பெண் அதன்மேல் கலர் நூலால் மயில் ஒட்டிப் பள்ளிக்கூடத்தில் பரிசே வாங்கியிருந்தாள், அதை எடுத்துவந்து ஆசையாகக் காட்டினாள். மற்ற வீடுகளில் போன இடம் தெரியவில்லை. எந்த வீட்டிலும் கோபித்துக்கொள்ளவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. "நீதானப்பா தூக்கிப் போடச் சொன்ன?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள். பதினோரு வீட்டிலும் கேட்டார்கள்.

பன்னிரண்டாவது அக்கா வீடு. கடைசிக்கு வைத்திருந்ததே அதனால்தான். எந்த முகத்தோடு போய்க் கேட்பது? வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே போகாமல் நின்றபடியே, எதிரே யாரும் இல்லாததுபோல் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"அக்கா, தப்பு என்மேலதான். பெட்டியோட ஒரு சீடி வந்துச்சு இல்ல, நான் தூக்கிப் போடச் சொன்னனே. அதுலதான் எல்லாம் இருந்துச்சாம். தெரியாம சொல்லிட்டேன். தெரியாதுன்னு சொல்லியிருக்கணும். சொல்லல. என்னை மன்னிச்சிடுக்கா."

உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. அக்கா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். நேராகத் தறிக்கூடத்துக்குள் போனாள். அங்கே மூலையில் ஒரு பலகை, அதன்மேல் முருகன் படம். படத்தை லேசாகச் சாய்த்து, பின்னால் கையை விட்டு எடுத்தாள்.

வெள்ளை உறை. இப்போது வெள்ளை என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் வைத்த சந்தனமும் குங்குமமும் ஒன்றின்மேல் ஒன்றாகக் காய்ந்து தடித்துப் போயிருந்தது. உறைக்குள்ளே இருந்த சீடியில் ஒரு கீறல் இல்லை.

"நீ தூக்கிப் போடுன்னுதான் சொன்ன," என்றாள் அக்கா. ஒரு மாதத்துக்குமேல் ஆனபிறகு முதல் பேச்சு. "மெஷினோட வந்தது. அதுகூடவே பொறந்தது. அதைப் போய் எப்படித் தூக்கிப் போடறது? ஸ்பானருக்குப் பொட்டு வெக்கறோம், தறி நாடாவுக்கு வெக்கறோம், இதுக்கு மட்டும் இன்னா பாவம்? வருஷா வருஷம் இதுக்கும் ஒரு பொட்டு வெச்சிகினு வந்தேன்."

பரணிதரன் அந்த இடத்திலேயே அக்கா காலில் விழப்போனார். "ஏய், சீ, எழுந்திரு. மொதல்ல அதை எடுத்துகினு போ," என்று அதட்டினாள். ஆனால் சாப்பிட்டுவிட்டுப் போ என்று சொல்லவில்லை. அதுவும் அவர் மனதில் பட்டது.

ஆடிக் கிருத்திகைக்கு ஆறு நாள்தான் இருந்தது. கல்பனாவின் லேப்டாப்பில் சீடி போட வழியில்லை, இந்தக் காலத்து லேப்டாப் எதிலும் இல்லையாம். தாலுகா ஆபீஸ் எதிரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று ஸ்டூல் மாதிரி கிடந்தது. அதன் சீடித் தட்டு வெளியே வர மறுத்தது. பரணிதரன் ஒரு குண்டூசியைக் கேட்டு வாங்கி ஒரே குத்தில் வரவைத்தார். சீடி சுற்றியது, முனகியது, பிறகு வரிசை வரிசையாக ஃபைல்கள் வந்தன. எல்லாவற்றையும் பென் டிரைவில் வாங்கிக்கொண்டார்கள்.

மறுநாளிலிருந்து கல்பனா காலை ரயிலிலும் சாயங்கால ரயிலிலும் லேப்டாப்பை மடியில் வைத்து வேலை செய்தாள். பரணிதரன் தினமும் அரக்கோணம் வரை கூடவே போவார். பக்கத்து சீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், திரும்பி வருவார். அவரால் அதில் ஆவது ஒன்றுமில்லை. "நீங்க எதுக்குண்ணா அலையறீங்க?" என்று கேட்டாள். "நீ படறது எனக்காக, நான் ஊட்ல எப்படிம்மா குந்திகினு இருப்பேன்?" என்றார். அவள் சிரித்தாள். காலேஜில் படிக்கும்போது தான் வாங்கிய பழைய கம்ப்யூட்டர் சூடாகி நின்று நின்று போக, அதற்கு ஒரு சின்ன ஃபேன் மாட்டிக் கொடுத்தது அவர்தான் என்றாள். "அதுலதாண்ணா நான் இதெல்லாம் கத்துகினேன். உங்களுக்கு ஞாபகம் இருக்காது." அவருக்கு ஞாபகம் இல்லைதான். அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் ஒரு ஃபைலைத் திறந்து காட்டினாள். முழுக்கப் பெயர்கள். தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன.

"யாரும்மா இவங்கள்லாம்?"

"இந்த சிஸ்டத்தை எழுதினவங்கண்ணா. இதுலயும் கொஞ்சம் பேர்தான் இருக்காங்க. எல்லா நாட்டுக்காரங்களும் உண்டு. சம்பளத்துக்கு எழுதினவங்களும் இருக்காங்க, சும்மா எழுதிக் குடுத்தவங்களும் இருக்காங்க."

வாயில் நுழையாத பெயர்களை ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டிப் படித்தார். இவர்களில் ஒருவருக்காவது அம்மையார்குப்பம் தெரியுமா? அக்காவின் தறி நிற்கும் என்று யார் கண்டார்கள்? எவனோ எங்கேயோ உட்கார்ந்து, பின்னால் வருகிறவன் கேட்டால் கொடுத்துவிடு என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். நல்லா இருக்கணும்யா நீங்கள்லாம், பிள்ளை குட்டியோட நல்லா இருக்கணும் என்று வாய்விட்டே சொன்னார். எதிர் சீட்டில் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மாள் யாரைச் சொல்கிறார் என்று சுற்றும் முற்றும் பார்த்தாள்.

எழிலன் எழுதிய பகுதியைக் கல்பனா நாலாம் நாள் கண்டுபிடித்தாள். மாற்ற வேண்டிய இடத்துக்கு மேலேயே, இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக ஒரு குறிப்பு இருந்தது. அதைச் சத்தமாகப் படித்தாள்: "போர்டு மாறினால் கீழே உள்ள நாலு வரியை மட்டும் மாற்றவும். மற்றதைத் தொட வேண்டாம். நீங்கள் யார் என்று தெரியாது, ஆனால் இதுவரை வந்ததற்கு சந்தோஷம். எழிலன்." ரயில் அரக்கோணத்தில் நின்று கிளம்பியும் பரணிதரன் இறங்க மறந்துவிட்டார்.

கிருத்திகை முடிந்த மறுநாள் காலை பெட்டியோடு அவர் அக்கா வீட்டுக்கு வரும்போது, வாசலில் டெம்போ நின்றுகொண்டிருந்தது. சக்திவேல் எடைக்கல்லை இறக்கிக்கொண்டிருந்தான். தீனதயாளன் முதல் தறியின் நட்டில் ஸ்பானரை வைத்துவிட்டார்.

"பாவா, அரை மணி நேரம்," என்றார் பரணிதரன். வழக்கமாகச் சொல்வதைச் சொல்லவில்லை.

தீனதயாளன் சக்திவேலைப் பார்த்தார். சக்திவேல், "பாருங்கண்ணே, எனக்கு இன்னா அவசரம்," என்று டெம்போ நிழலில் உட்கார்ந்துகொண்டான். பரணிதரன் ஏணியில் ஏறிப் பெட்டியை மாட்டினார். ஒயரைச் செருகி, பென் டிரைவைப் போட்டு, ஆன் செய்தார். எழுத்து வந்தது, டிசைன் வந்தது. அக்கா உள் கதவோரம் நின்றாள். தீனதயாளன் தறியின் சுவிட்சைப் போட்டார்.

டக் என்று ஒரு சத்தம். மேலே நூறு இருநூறு கொக்கிகள் பாவு நூலைத் தூக்கிக்கொண்டு எழுந்தன. இறங்கின. வேறு கொக்கிகள் எழுந்தன. ஊடு நூலோடு நாடா குறுக்கே ஓடியது. ஒரு விரல் அகலம் நெய்ததும் சேலையில் மாங்காய் டிசைனின் அடி தெரிந்தது, பிறகு வயிறு, பிறகு வளைந்த மூக்கு. முழுசாக ஒரு மாங்காய். தீனதயாளன் தறியை நிறுத்தி அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "மச்சான்!" என்று ஒரு கத்து கத்தினார். மற்ற மூன்று பெட்டியையும் இதேபோல் மாற்றினால் போதும்.

சக்திவேல் எடைக்கல்லைத் திரும்ப டெம்போவில் ஏற்றினான். "ஓடட்டுங்கா. எனக்கு இரும்பு கெடைக்காமலா போவும்?" என்று சொல்லிவிட்டு, அக்கா கொடுத்த டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினான். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாப்புட்டுப் போடா," என்றாள்.

அன்று சாயங்காலமே பரணிதரன் எழிலனுக்குப் போன் செய்தார். திருத்தணி மலையில் அவன் பேருக்கு அர்ச்சனை பண்ண வேண்டும், நட்சத்திரம் என்ன என்று கேட்டார். எழிலன் சிரித்தான்.

"எங்கூட்டுல அதெல்லாம் பாக்கறதில்லைங்க. எங்கப்பா அந்தக் காலத்துக் கருப்புச் சட்டை. எனக்கு நட்சத்திரமே தெரியாதுங்க."

"அப்போ உங்களுக்கு நான் இன்னாதாங்க செய்யறது?"

"சீடியைத் தூக்கிப் போட்ட பதினோரு ஊடு இருக்குதுன்னீங்களே, அவிங்களுக்கெல்லாம் ஒரு காப்பி போட்டுக் குடுத்துருங்க. எனக்கு அதுதானுங்க வேணும்."

பரணிதரன் பதினோரு பென் டிரைவ் வாங்கி, பழசும் கல்பனா மாற்றியதுமாக எல்லாவற்றையும் போட்டு, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஒவ்வொரு வாசலிலும், "அன்னிக்கு எனக்குத் தெரியாம சொல்லிட்டேன். இதைப் பத்திரமா வெய்ங்க," என்றார். மயில் ஒட்டிய பெண் இதில் என்ன ஒட்டலாம் என்று பார்க்க, அவள் அம்மா பிடுங்கிச் சாமி அலமாரியில் வைத்தாள். கௌரியம்மாளுக்கு ஒரு சேலை நெய்து அனுப்பினார்கள். மறுபடியும் நாலு மூலை மஞ்சள்தான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அக்காவும் பாவாவும் பரணிதரனும் படியேறி மலைக்குப் போனார்கள். கௌரியம்மாளுக்கும் கல்பனாவுக்கும் நட்சத்திரம் கேட்டு வைத்திருந்தார். எழிலன் வேண்டாம் என்ற பிறகும் மனசு ஆறாமல் மூன்றாவதாக ஒரு அர்ச்சனைச் சீட்டு வாங்கியிருந்தார். குருக்கள் இரண்டு பெயரை வாங்கிக்கொண்டு, "மூணாவது யார் பேருக்கு?" என்று கேட்டார்.

பரணிதரன் விழித்தார். ரயிலில் பார்த்த பெயர்கள் அத்தனையும் மனதில் ஓடின. எதைச் சொல்வது? யாருக்கு என்ன நட்சத்திரம்? "சாமி பேருக்கே பண்ணிடுங்க" என்று சொல்ல வாயெடுத்தார்.

அதற்குள் பின்னாலிருந்து அக்கா முந்திக்கொண்டாள்.

"பரணிதரன். பரணி நட்சத்திரம், மேஷ ராசி."

குருக்கள் நிமிர்ந்து பார்த்தார். "இவர் உங்களுக்கு என்ன உறவு?"

"எந்தம்பிங்க," என்றாள் அக்கா. "எங்களுக்கு இவன் இருக்கான்."

பரணிதரன் சாமியைப் பார்க்க நிமிர்ந்தார். கண்ணில் தண்ணீர் முட்டி ஒன்றும் தெரியவில்லை. தீபத்தட்டு அவர் பக்கம் வந்தபோது தீனதயாளன்தான் அவர் கையைப் பிடித்து ஒற்றிக்கொள்ள வைத்தார்.